ஆங்கிலத்திற் காலங் கூறுதல்

ஆங்கிலங் கற்கும் நம் மாணவர் இடர்ப்படும் இடங்களுள் காலங்குறிக்குஞ் சொற்களை ஆளுதலும் ஒன்று. 'சின்ஸ்', 'ஃபோர்' என்னும் இரு சிறு சொற்களே அவரைப் பெரிதும் மயக்குவன. ஆயினும் இவற்றின் வேறுபாடு தமிழர்க்குப் புதியதன்று.

'சின்ஸ்' தொடக்கத்தைக் காட்டும். 'ஃபோர்' கால அளவைக் காட்டும். நாம் வழங்கும் 'தொடக்கம்' முன்னதற்கும், 'ஆண்டுகளாக' என்பதிலுள்ள 'ஆக' பின்னதற்கும் நேராவன. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மாணவன் ஒருவன் '2010 தொடக்கம் இங்கு வசிக்கிறேன்' என்பான். 'பத்தாண்டுகளாக வசிக்கிறேன்' என்றுங் கூறுவான். 'பத்தாண்டு தொடக்கம்' என ஒருபோதுங் கூறான். ஆங்கிலத்தில் மட்டும் 'சின்ஸ் டென் இயர்ஸ்' என எழுதிவிடுகிறான்.

வினையிலும் பிழை நேர்கின்றது. 'வசிக்கிறேன்' என்பதை 'ஐ ஆம் லிவிங்' எனப் பெயர்ப்பர். முன்னே தொடங்கி இன்றுந் தொடரும் செயலுக்கு 'ஐ ஹாவ் பீன் லிவிங்' என்பதே வேண்டும். 'வசித்து வருகிறேன்' என்னும் நம் வழக்கை நினைந்தால் இஃது எளிதாகும். 'ஐ லிவ்ட்' எனின், இருந்து நீங்கியவன் கூற்றாகிவிடும்.

முடிந்த நிகழ்ச்சிக்கு 'சின்ஸ்' ஆகாது. புகையிரதம் பதுளையை வந்தடைந்தது 1924ஆம் ஆண்டில். அங்கே 'இன்' என்பதும் இறந்தகால வினையுமே பொருந்தும்.

இச்சிறு சொற்களால் விளைவதென்ன என வினவுவார்க்கு மலையக வரலாறே விடையாகும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வதிந்திருத்தல் வேண்டும் என்றது. இஃது அளவு, 'ஃபோர்' என்பதன் ஆட்சி. 2003ஆம் ஆண்டுச் சட்டமோ, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தங் கைச்சாத்தான 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி தொடக்கம் இங்கு நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை நல்கியது. இது தொடக்கம், 'சின்ஸ்' என்பதன் ஆட்சி. முன்னதில் ஆண்டுகளை எண்ணிக் காட்டல் வேண்டும்; பின்னதில் ஒரு நாள் தொட்டு இங்கிருந்தமையைக் காட்டல் வேண்டும். இத்தகைய விண்ணப்பத்தில் 'ஹாவ் பீன்' என்னுமிடத்தில் 'லிவ்ட்' என எழுதுபவன், தான் இங்கில்லை எனத் தானே கூறியவனாவான்.

ஆகவே மாணவர் எழுதுமுன் இரண்டு வினாக்களைத் தம்முட் கேட்பாராக: கூறுவது தொடக்கமா, அளவா? செயல் முடிந்ததா, தொடர்கின்றதா? விடையைத் தமிழிற் கண்டபின் ஆங்கிலத்தில் எழுதுக. பிழை பெரிதும் நீங்கும்.