கன்னிமாராவில் ஒரு நாள்

ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலையில் பருத்திப்பட்டு என்னும் ஊர் இருக்கிறது. முன்னாளில் ஏரியும் வயலுமாக விளங்கிய சிற்றூர் அது. இன்று ஆவடி மாநகராட்சியின் ஒரு பகுதி. வயல்கள் வீடுகளாகிவிட்டன. ஏரி மட்டும் இன்னும் இருக்கிறது. அவ்வூரில் வாழ்பவன் நான். அங்கிருந்து புறப்பட்டுச் சென்னை நகரின் நடுவே நிற்கும் ஒரு பழைய கட்டடத்தைக் கண்டு வந்த செய்தியை இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன். எழும்பூரில் உள்ள கன்னிமாரா பொது நூலகமே அக்கட்டடம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னுடைய பதினேழாம் வயதில், கல்லூரியில் சேர்ந்த புதிதில், அந்நூலகத்தின் வாயில் வரையில் சென்று, உள்ளே நுழையாமல் திரும்பியவன் நான். என்னை எவரும் தடுக்கவில்லை. எவரும் ஒரு சொல் கேட்கவும் இல்லை. உயர்ந்த சுவர்களையும் வளைவுகளையும் கண்ட அளவில், 'இது நம்மைப் போன்றவர்களுக்கு உரிய இடம் அன்று' என்று மனம் தானாகவே முடிவு செய்துவிட்டது. உள்ளே செல்லச் சீட்டு வாங்க வேண்டுமோ, பெரிய மனிதர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டுமோ என்று பலவாறு எண்ணினேன். சட்டைப் பையில் ஊர் திரும்புவதற்கு வேண்டிய காசு மட்டுமே இருந்தது. சற்று நேரம் நின்றேன். வந்த வழியே நடந்துவிட்டேன். அந்தக் கூச்சத்தால் நான் இழந்த ஆண்டுகள் சில உண்டு.

அண்மையில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் என்னிடம் வந்தாள். கல்லூரியில் முதலாண்டு பொருளியல் பயில்பவள். தன் ஊர்ப்பக்கத்து ஏரிப் பாசனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றும், கைப்பேசியில் தேடியவரையில் கிடைத்தது போதவில்லை என்றும் கூறினாள். "கன்னிமாராவிற்குப் போகலாம், அம்மா" என்றேன். அவளும், எட்டாம் வகுப்பில் படிக்கும் அவள் தம்பியும், நானுமாகப் புறப்பட்டோம்.

ஆவடியில் மின்சார இரயில் ஏறினோம். 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிச் சென்றது ஆவடி வழியாகத்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்பத்தூர் கடந்ததும் அப்பெண் மெல்லக் கேட்டாள்: "ஐயா, உள்ளே போவதற்கு எவ்வளவு கேட்பார்கள்?"

பல ஆண்டுகளுக்கு முன் வாயிலில் நின்றபோது என் மனத்தில் எழுந்த அதே கேள்வி! "ஒன்றும் கேட்கமாட்டார்கள்" என்றேன். "இலவசமா?" என்றாள். "அதற்கு விடையை மாலையில் சொல்கிறேன்" என்று நிறுத்திக்கொண்டேன்.

தம்பியின் ஐயம் வேறு வகையானது. எங்கள் பக்கத்து ஊர்களில் ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் ஏழு கன்னிமாரை வைத்து வழிபடுவார்கள். "அந்தக் கன்னிமார் சாமியின் பேரைத்தான் நூலகத்திற்கு வைத்திருக்கிறார்களா, ஐயா?" என்று கேட்டான். நான் நகைத்துவிட்டேன், ஆயினும் கேள்வி நியாயமானதே. அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையில் ஒரு பகுதிக்கு அப்பெயர் உண்டு. அதனைத் தம் பட்டப்பெயராகக் கொண்ட கன்னிமாரா பிரபு சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தார். 1890-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள் இந்நூலகத்திற்கு அடிக்கல் நாட்டியவர் அவரே. கட்டடம் 1896-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் திறக்கப்பட்டபோது அவர் பதவியில் இல்லை. ஆளுநராக இருந்தவர் ஆர்தர் ஹாவ்லக். எனினும் பெயர் நிலைத்துவிட்டது. தமிழ் நாவில் புரண்டு புரண்டு, அயர்லாந்தின் பெயர் நம் கிராமத் தெய்வத்தின் பெயர் போலவே ஆகிவிட்டது.

சென்ட்ரலில் இறங்கிப் பேருந்து ஏறி எழும்பூர் பாந்தியன் சாலையை அடைந்தோம். இச்சாலையின் பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கே பாந்தியன் என்னும் பொழுதுபோக்கு மாளிகை இருந்தது. நகரத்து வெள்ளையர்களில் உயர்நிலையில் இருந்தோர் விருந்துண்ணவும் நடனமாடவும் நாடகம் பார்க்கவும் அங்கே கூடினர். பின்னர் அவ்விடம் அரசின் கைக்கு வந்தது. 1851-இல் தொடங்கப்பெற்ற சென்னை அருங்காட்சியகம் சில ஆண்டுகளில் அங்கே குடிபுகுந்தது. ஒரு சிலருக்கே திறந்த கதவு, மெல்ல மெல்லப் பலருக்கும் திறக்கத் தொடங்கிய வரலாறு இதுதான்.

நூலகத்தின் பிறப்பும் அருங்காட்சியகத்தின் மடியிலேயே நிகழ்ந்தது. இந்தியாவிற்கு வரும் ஆங்கில அதிகாரிகளுக்குக் கல்வி புகட்ட இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்னும் இடத்தில் கம்பெனியார் ஒரு கல்லூரி நடத்தினர். பொருளியல் அறிஞர் மால்தஸ் அங்கே ஆசிரியராக இருந்தார். அக்கல்லூரி 1858-இல் மூடப்பட்டது. அதன் நூல்களில் ஒரு பகுதி கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. அவற்றைக் கொண்டு அருங்காட்சியகத்தில் ஒரு சிறு நூலகம் அமைந்தது. அச்சிறு விதையிலிருந்து வளர்ந்த மரமே கன்னிமாரா.

வாயிலில் இருந்த பதிவேட்டில் பெயரையும் ஊரையும் எழுதினோம். தம்பி 'பருத்திப்பட்டு' என்று தெளிவாக எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். எவரும் காசு கேட்கவில்லை. எங்கிருந்து, எதற்காக வந்தீர்கள் என்று வினவவும் இல்லை.

இன்று வாசகர்கள் பெரும்பாலும் அமர்ந்து படிப்பது, 1970-களில் பழைய கட்டடத்தோடு சேர்த்து எழுப்பப்பட்ட புதிய கட்டடத்தில்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் மேசைகளை நிறைத்திருந்தார்கள். முதியவர் ஒருவர் நாளிதழின் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பார்வையற்றோர்க்குப் பிரெய்லி நூல்கள் கொண்ட பகுதியும் இங்கே உண்டு.

பழைய மண்டபம் அரிய நூல்களைப் பாதுகாக்கும் இடமாதலால் எல்லா நாளும் பார்வைக்குத் திறந்திருப்பதில்லை. நல்வாய்ப்பாக நாங்கள் சென்ற நாளில் திறந்திருந்தது. உள்ளே அடியெடுத்து வைத்ததும் தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். மேலே வளைந்து செல்லும் கூரை. அதில் வண்ணக் கண்ணாடிகள். இலையும் பூவுமாகச் சிற்ப வேலைகள். இருபுறமும் வரிசை வரிசையாகத் தேக்குமர அலமாரிகள். கண்ணாடி வழியே இறங்கிய ஒளி நூல்களின் முதுகில் படிந்திருந்தது. இதனை வரைந்தவர் ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞர். சிம்லாவின் வைசிராய் மாளிகையும் மைசூர் அரண்மனையும் அவர் ஆக்கியவையே. கட்டி முடித்தவர் நம் சென்னையைச் சேர்ந்த நம்பெருமாள் செட்டியார். மன்னருக்கும் வைசிராய்க்கும் மாளிகை வரைந்த அதே கை, படிக்க வருபவர்க்கும் ஒரு மாளிகை வரைந்து வைத்திருக்கிறது.

இவ்விடத்தில் அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரம் என் நினைவிற்கு வருகிறது. 1871-இல் அந்நகரம் பெருந்தீயில் வெந்தது. செய்தி அறிந்த இங்கிலாந்து மக்கள் எண்ணாயிரம் நூல்களைத் திரட்டி அன்பளிப்பாக அனுப்பினர். அவற்றை வைக்க இடமில்லை. கைவிடப்பட்ட இரும்பு நீர்த்தொட்டி ஒன்றில் 1873-இல் அந்நகரின் பொது நூலகம் தொடங்கிற்று. பின்னர் 1897-இல், அதாவது கன்னிமாரா திறக்கப்பட்ட மறு ஆண்டில், நகரின் நடுவே பளிங்கும் வண்ணக் கண்ணாடியும் இழைத்த பெருமாளிகையை அதற்கெனக் கட்டினார்கள். அங்குள்ள கண்ணாடிக் குவிமாடம் ஒன்றின் குறுக்களவு 38 அடி. 1991-இல் மைய நூலகம் வேறு புதிய கட்டடத்தில் அமைந்தது. பழைய மாளிகை பண்பாட்டு மையமாக விளங்குகிறது. ஓவியக் கண்காட்சியும் இசையும் சொற்பொழிவும் அங்கே நிகழ்கின்றன. அங்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. இரண்டும் கடல் கடந்து வந்த நூல்களால் முளைத்தவை. இரண்டும் பெரு நகரத்தின் நடுவே எல்லார்க்கும் வாயில் திறந்து நிற்பவை.

கன்னிமாராவிற்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி இங்கே அனுப்பப்பட வேண்டும். கொல்கத்தா, மும்பை, தில்லி ஆகிய நகரங்களின் நூலகங்களோடு, இவ்வுரிமை பெற்ற நான்கனுள் இதுவும் ஒன்று. ஒரு சிற்றூர் அச்சகத்தில் ஒரு புலவர் தம் சொந்தச் செலவில் அச்சிட்ட மெல்லிய நூலுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு.

அப்பெண் தனக்கு வேண்டியதை நூலகரிடம் கூறினாள். சிறிது நேரத்தில் அவள் முன் ஒரு தடித்த நூல் வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தைப் பற்றி ஆங்கில அதிகாரி ஒருவர் எழுதி 1879-இல் வெளியான நூல் அது. எங்கள் பகுதி அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். ஏரிகள், மதகுகள், பயிர்கள், பஞ்சங்கள் என்று பக்கம் பக்கமாகச் செய்திகள். அவள் நண்பகல் உணவையும் மறந்து குறிப்பெடுத்தாள். தன் வீட்டு மாடியிலிருந்து நாள்தோறும் பார்க்கும் தண்ணீருக்கு ஒரு வரலாறு உண்டு என்பது அன்றுதான் அவளுக்குப் புலப்பட்டது.

திரும்பும் வண்டியில் அவள் தன் கேள்வியை மறவாமல் எழுப்பினாள். "இவ்வளவும் இலவசமாக எப்படிக் கொடுக்கிறார்கள், ஐயா?"

நான் சொன்ன விடை இது. சீகாழியில் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர் எஸ். ஆர். அரங்கநாதன். நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவது. பொது நூலகங்களுக்குச் சட்டத்தின் துணை வேண்டும் என்று அவர் இடைவிடாது வாதாடினார். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-இல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற்சட்டம் அதுவே. அச்சட்டத்தின் வழியே 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் கன்னிமாரா மாநில மைய நூலகம் ஆயிற்று. அச்சட்டம் மற்றொன்றும் செய்தது. வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகையையும் சேர்த்தது. இன்று அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. அத்தொகை நூலக ஆணைக்குழுவிற்குச் சென்று, ஊர்தோறும் கிளை நூலகங்களை நடத்துகிறது. கன்னிமாரா போன்ற பெரிய நூலகத்தை அரசு பொது வருவாயிலிருந்து பேணுகிறது. அவ்வருவாயும் மக்கள் கொடுக்கும் வரிதான்.

"அப்படியானால் நாங்கள் முன்னமே பணம் கட்டிவிட்டோமா?" என்றாள் அவள். "ஆம், உன் பெற்றோர் கட்டிவிட்டார்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாடகையோடு கட்டிவிட்டார்கள். உன் தம்பி கடையில் பேனா வாங்கினானே, அதன் விலையிலும் வரி உண்டு, அவனும் கட்டிவிட்டான்" என்றேன். தம்பி தன் பேனாவை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

அன்று இரவு அப்பெண் தன் வீட்டு வரி இரசீதுடன் எங்கள் வீட்டிற்கு வந்தாள். 'நூலக வரி' என்னும் வரியின்மேல் விரலை வைத்து, "இருக்கிறது, ஐயா" என்றாள். பதினேழு வயதில் இந்த ஒரு வரியை எனக்கு எவராவது காட்டியிருந்தால், நான் அவ்வாயிலிலிருந்து திரும்பியிருக்கமாட்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.

மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறை நாளில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்திற்குச் செல்லுங்கள். முடிந்தபோது கன்னிமாராவிற்கும் செல்லுங்கள். பழைய மண்டபம் திறக்கும் நாளை விசாரித்து அறிந்து அதனையும் பாருங்கள். நூலை வீட்டிற்கு எடுத்துச் செல்லத்தான் உறுப்பினராகி முன்பணம் கட்ட வேண்டும். அங்கேயே அமர்ந்து படிக்க ஒன்றும் வேண்டா. வாயிலில் தயங்கி நிற்காதீர்கள். பதிவேட்டில் உங்கள் ஊரின் பெயரைத் தெளிவாக எழுதிவிட்டு உள்ளே செல்லுங்கள்.