நீலத் தொட்டியில் போடுமுன்

சிங்கப்பூரில் நமது அடுக்குமாடி புளோக்குகள் ஒவ்வொன்றின் கீழும் 2014 முதல் நீல நிற மறுபயனீட்டுத் தொட்டி இருக்கிறது. தாள், கண்ணாடி, டின், பிளாஸ்டிக் ஆகியவற்றை ஒன்றாகவே போடலாம். தரம் பிரிப்பது பிறகு நடக்கும். ஆயினும் அதில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு பயனற்றுப் போகிறது. ஒருவர் மீன்கறி மிச்சத்தோடு வீசும் ஒரு டப்பா, பத்து வீட்டார் கட்டிவைத்த நாளிதழ்களைக் கெடுத்துவிடும். எண்ணெய் ஏறிய தாள் மறுபடி தாளாகாது, எரிஉலைக்குத்தான் போகும். சாம்பல் சேரும் செமாக்காவ் தீவோ 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

டப்பாவை ஒருமுறை அலசினால் போதும், பளபளக்கத் தேய்க்க வேண்டாம். (தலையணைகூடக் கிடக்கக் கண்டேன்!) கீழே இறங்க இயலாத மூத்தோரின் நாளிதழ்களை எங்கள் மாடிப் பையன் ஒருவன் வாரந்தோறும் கேட்டு வாங்கிச் செல்கிறான்.