யந்திரம் சொல்லும் சாட்சி

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியோர்கள். இன்று கண்ணுக்கும் காதுக்கும் பதிலாக, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கைபேசி இருக்கிறது. அது கண்டதையும் கேட்டதையும் நியாயஸ்தலம் நம்பலாமா?

1872-ஆம் வருஷத்தில், ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர் வகுத்த சாட்சியச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நம்மை ஆண்டது. 2024 ஜூலை முதல் தேதி அது விடைபெற்று, 170 பிரிவுகள் கொண்ட 'பாரதீய சாக்ஷ்ய அதிநியமம்' அமலுக்கு வந்தது. அந்நியன் செய்த சட்டம் போனதில் மகிழ்ச்சிதான். ஆயினும், பழைய விதிகளில் பெரும்பாலானவை எண் மாறியே புதிய சட்டத்தில் வீற்றிருக்கின்றன. போலீஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது என்ற நல்ல விதி அவற்றுள் ஒன்று. அன்று வழக்கு விசாரணையிலிருந்தவற்றுக்குப் பழைய சட்டமே பொருந்துமாகையால், இரண்டு சட்டங்களும் சில காலம் கோர்ட்டுகளில் அருகருகே நடமாடும்.

உண்மையான மாறுதல் மின்னணுச் சாட்சியத்திலேதான். 2000-ஆம் வருஷத்தில் சேர்க்கப்பட்ட '65-பி' பிரிவு, கணிப்பொறியின் நகலுக்கு ஓர் அத்தாட்சிப் பத்திரம் வேண்டும் என்றது. 2005-இல், பாராளுமன்றத் தாக்குதல் வழக்கில், அப்பத்திரம் இல்லாமலே தொலைபேசிக் கணக்குகளைச் சுப்ரீம் கோர்ட் ஏற்றது. 2014-இல், கேரளத் தேர்தல் வழக்கு ஒன்றில், மூன்று நீதிபதிகள் அதை மாற்றினர். மின்னணுப் பதிவை எளிதில் திருத்திவிடலாம். ஆகவே பத்திரமின்றி நகல் செல்லாது என்றனர். 2018-இல் இரு நீதிபதிகள் சற்றுத் தளர்த்தினர். 2020-இல், மகாராஷ்டிரத் தேர்தல் வழக்கில், மீண்டும் மூவர் கூடிப் பத்திரம் கட்டாயமே என்று முடித்தனர்.

ஆனால் அத்தீர்ப்பிலே கருணையும் உண்டு. மூலக் கருவியையே கோர்ட்டில் வைத்து, அதன் சொந்தக்காரர் கூண்டேறி மெய்ப்பித்தால் பத்திரம் வேண்டியதில்லை. பிறர் வசமுள்ள பதிவுக்கு அவர்கள் பத்திரம் தர மறுத்தால், கோர்ட்டின் உத்தரவை நாடலாம். எல்லா முயற்சியும் செய்தும் கிடைக்காவிட்டால், முடியாததைச் செய்யும்படி சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தாது.

புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பத்திரம் இப்போது இரண்டு பாகம். ஒன்றைக் கட்சிக்காரர் தர வேண்டும். மற்றொன்றை நிபுணர் தர வேண்டும். பதிவின் 'ஹாஷ்' எண்ணும் அதில் குறிக்கப்பட வேண்டும். இது பதிவின் கைரேகை போன்றது. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். பொய்ப்படமும் பொய்க்குரலும் மலிந்த இக்காலத்தில் இது மிக அவசியமான காவல்தான்.

ஆயினும் ஒரு கேள்வி. கணவன் மிரட்டியதைக் கைபேசியில் பதிந்துகொண்ட ஏழைப் பெண் நிபுணருக்கு எங்கே போவாள்? நிபுணர் என்பவர் யார் என்று அப்பிரிவு விளக்கவில்லை. கைபேசியையே கோர்ட்டில் ஒப்படைத்தாலோ, வழக்கு முடியும்வரை அவள் பிழைப்புக்கு அது உதவாது. பணமுள்ளவன் பத்திரம் வாங்குவான். இல்லாதவளின் உண்மை வாசலிலேயே நின்றுவிடும்.

இதற்கு வழி சட்டத்தைத் தளர்த்துவதன்று. தளர்த்தினால் பொய்யும் உள்ளே நுழையும். ஒவ்வொரு ஜில்லாவிலும், ஏழைகளுக்குச் செலவின்றிப் பத்திரம் தரும் நிபுணர்களைச் சர்க்கார் அமர்த்த வேண்டும். நீதிபதிகளும் பத்திரக் குறையை ஆரம்பத்திலேயே சுட்டிக் காட்டி, அதைத் திருத்த அவகாசம் தர வேண்டும்.

சட்டத்தின் பெயர் நம்முடையதாகிவிட்டது. ஏழையின் சாட்சியமும் அதற்குள் இடம் பெறும் நாளிலேதான், சட்டமே நம்முடையதாகும்.