‘தி ரெட் ஸ்லீவ்’ கடைசி எபிசோடு: அரசரை அவள் காதலித்தாளா, இல்லையா?

(ஸ்பாய்லர் அலர்ட்: தொடரின் முடிவை முழுசாகச் சொல்லப் போகிறோம். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

முதல் முறை பார்த்தபோது அரசருக்காக அழுதேன். இரண்டாவது முறை பார்த்தபோது அதே காட்சியில் அதே அரசர் மேல் கோபம் வந்தது. இடையில், அந்தக் கதையின் அசல் அரசர் 18-ம் நூற்றாண்டில் தன் கைப்பட எழுதி வைத்த ஒரு கல்லறைக் குறிப்பைப் பற்றிப் படித்திருந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

‘தி ரெட் ஸ்லீவ்’ கொரியாவின் எம்பிசி சேனலில் 2021 நவம்பரில் தொடங்கிய சரித்திரத் தொடர். காங் மி-காங் எழுதிய நாவலைத் தழுவியது. மொத்தம் 17 எபிசோடுகள். முதல் எபிசோடுக்கு 5.7 சதவீதமாக இருந்த ரேட்டிங், 2022 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோடில் 17.4 சதவீதத்துக்குப் போனது. வாய்வழியாகவே பரவி ஜெயித்த தொடர் என்று தாராளமாகச் சொல்லலாம். 2பிஎம் இசைக்குழுவின் லீ ஜுன்-ஹோ அரசர் ஜொங்ஜோவாகவும், லீ சே-யோங் அரண்மனைப் பணிப்பெண் தொக்-இம் ஆகவும் நடித்தார்கள். ஜுன்-ஹோவுக்கு இந்த வேடம் பெக்சாங் விருதையும் வாங்கித் தந்தது.

கதை ரொம்ப சிம்பிள். இளவரசனுக்குப் பணிப்பெண்ணைப் பிடித்திருக்கிறது. அவன் கேட்கிறான், அவள் மறுக்கிறாள். அரசனான பிறகும் கேட்கிறான். அவள் மறுபடியும் மறுக்கிறாள்.

நம்ம ஊர் சினிமா பார்த்துப் பழகிய மூளை இந்த இடத்தில் ‘வெட்கப்படுறா, அப்புறம் சரின்னு சொல்லிடுவா’ என்று தானாகக் கணக்குப் போடும். தொடர் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்வதில்லை. அவள் சொல்கிற காரணங்கள் நிஜமானவை. பணிப்பெண்ணாக இருக்கும்வரை அவளுக்குத் தோழிகள் உண்டு, புத்தகங்களை நகல் எடுத்துக் கொஞ்சம் காசு சம்பாதிக்கலாம், சின்னச் சின்ன விஷயங்களையாவது தானே முடிவு செய்யலாம். அரசரின் அந்தப்புரத்துக்குள் போய்விட்டால் நாள் முழுக்க ஒருவருக்காகக் காத்திருப்பது மட்டும்தான் வேலை. அவருக்கோ நாடு, அமைச்சர்கள், பட்டத்தரசி என்று ஆயிரம் இருக்கும்.

கடைசி இரண்டு எபிசோடுகளும் ஒரே இரவில் அடுத்தடுத்து ஒளிபரப்பாகின. அந்த இரவில் அவள் பயந்தது எல்லாமே நடக்கிறது. மகன் அம்மையில் இறக்கிறான். உயிர்த்தோழி ஒருத்தி, ஒரு ஆணை நேசித்த குற்றத்துக்காகக் கொல்லப்படுகிறாள். அரண்மனைப் பெண் அரசருக்குச் சொந்தம் என்பதால் அது குற்றம். தொக்-இமும் படுத்த படுக்கையாகிறாள். சாகும் தறுவாயில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், அவள் தன் தோழிகளைத்தான் கேட்கிறாள். அரசர் ஓடோடி வருகிறார். என்னைத் தேடவில்லையா என்று கேட்கிற அந்த முகத்தை ஜுன்-ஹோ நடித்திருக்கும் விதம், சும்மா இல்லை.

அப்போது அவள் வைக்கிற கோரிக்கைதான் பார்த்தவர்களை உலுக்கியது. அடுத்த பிறவியில் என்னைக் கண்டால், தெரியாதவர் மாதிரி கடந்து போய்விடுங்கள் என்கிறாள். கொஞ்சம்கூட என்னை நீ நேசிக்கவில்லையா என்கிறார் அரசர். நிஜமாகவே வேண்டாம் என்றிருந்தால் எப்படியாவது தப்பி ஓடியிருப்பேன், உங்களுக்கு இன்னுமா புரியவில்லை என்பது அவள் பதில்.

அவள் அவரைக் காதலித்தாளா இல்லையா? பார்த்த எல்லோரும் இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருப்பார்கள். நானும்தான்.

நிஜத்தில் என்ன நடந்தது?

தொக்-இம் கற்பனைப் பாத்திரம் இல்லை. 1753-ல் பிறந்தவர், சொங் குலத்தைச் சேர்ந்தவர், பிற்காலத்தில் ‘உய்பின் சொங்’ என்று அழைக்கப்பட்டவர். ஜொங்ஜோ அவரைவிட ஒரு வயது மூத்தவர். 1762-ல் தன் அப்பா சாடோ இளவரசர், தாத்தா யொங்ஜோ அரசரின் உத்தரவால் அரிசிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டு இறந்ததைச் சின்ன வயதிலேயே அனுபவித்தவர். கொரிய சரித்திரத் தொடர்கள் திரும்பத் திரும்ப இவரிடம் வருவதற்கு அந்தப் பெட்டி ஒரு முக்கியக் காரணம்.

உய்பின் இறந்த பிறகு அவருக்கான கல்லறைக் குறிப்பை ஜொங்ஜோவே எழுதினார். முதல் மறுப்பும் இரண்டாவது மறுப்பும் நமக்குத் தெரிவது அந்தக் குறிப்பு வழியாகத்தான்.

அதன்படி, 1766-ல் ஜொங்ஜோ முதல் முறை அவரைக் கேட்கிறார். இருவருமே பதின்வயதுப் பிள்ளைகள். ‘அரசரின் அருளைப் பெறுவது’ என்பது அரண்மனை மொழி. பச்சையாகச் சொன்னால் படுக்கைக்கு அழைப்பது. தொக்-இம் அழுதுகொண்டே மறுக்கிறார். ஜொங்ஜோவின் மனைவிக்கு இன்னும் குழந்தை பிறக்காத நிலையில் தான் எப்படி இதை ஏற்க முடியும் என்பது அவர் சொன்ன காரணம். ஜொங்ஜோ அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. 15 வருஷம் கழித்து, இப்போது அரசராக, மறுபடி கேட்கிறார். அவர் மறுபடி மறுக்கிறார். இந்த முறை ஜொங்ஜோ அவருடைய பணியாளைத் தண்டிக்கிறார். அதன் பிறகே அவர் சம்மதிக்கிறார்.

‘அதன் பிறகே’ என்ற இடத்தில் நான் நிறைய நேரம் நின்றுவிட்டேன். உனக்கு ஒன்றும் செய்ய மாட்டேன், உன்னோடு இருக்கிற ஆளைத் தண்டிப்பேன். இதற்கு இன்றைக்கு நாம் வைக்கிற பெயர் வேறு. ஆனால் ஜொங்ஜோ இதை ஒரு குற்ற ஒப்புதலாக எழுதவில்லை. அவள் எவ்வளவு பண்பானவள், எவ்வளவு அடக்கமானவள் என்று புகழும் இடத்தில்தான் இது வருகிறது. இறந்துபோன மனைவியை நினைத்து உருகுகிற ஒருவர், உருகும்போதே, தான் அவளை எப்படிச் சம்மதிக்க வைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறார்.

இன்னொன்று. ‘பட்டத்தரசிக்குக் குழந்தை இல்லையே’ என்பதுதான் அவருடைய நிஜமான காரணமா? ஒரு பணிப்பெண், வருங்கால அரசரிடம் ‘உங்களைப் பிடிக்கவில்லை’ என்றோ ‘எனக்கு இந்த வாழ்க்கை வேண்டாம்’ என்றோ சொல்லிவிட முடியாது. அந்தச் சபையில் மரியாதையாகச் சொல்லக்கூடிய ‘நோ’ அது ஒன்றுதான். மனசுக்குள் காதலே இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அவர் மறுத்ததை எழுதி வைத்தது, மறுக்கப்பட்ட ஆளே. அவர் பக்கத்துக் கதை நம்மிடம் இல்லை.

சிவப்பு ஓரம்

தலைப்பில் வரும் சிவப்பு, பணிப்பெண்களின் சட்டைக் கையின் நுனியில் வைத்துத் தைக்கும் சிவப்புத் துணி. இவள் அரசருக்கு உரியவள் என்பதற்கான அடையாளமாக அதைத் தொடர் பார்க்கிறது. ஜோசன் அரண்மனைக்குப் பெண்கள் சிறுமிகளாகவே வேலைக்கு வந்துவிடுவார்கள். கல்யாணம் கிடையாது. தீராத நோய் வந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் அரண்மனைக்குள் சாகும் உரிமை அரச குடும்பத்துக்கு மட்டும்தான்.

இதே பெண்ணை இதே எம்பிசி சேனல் 2007-ல் ‘யி சான்’ தொடரிலும் காட்டியது. ஹன் ஜி-மின் நடித்த அந்தத் தொடரில் அவர் அரசு ஓவியக் கூடத்தில் வேலை பார்ப்பவர், அரசரின் சிறுவயதுத் தோழி. அழகான தொடர், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெயரே அரசர் பெயர், கதையும் அரசர் கதை. ‘ரெட் ஸ்லீவ்’ கேமராவைப் பணிப்பெண்கள் பக்கம் திருப்பி வைத்தது.

இரண்டாவது முறை பார்க்கும்போது அந்த மரணக் காட்சி வேறு மாதிரி கேட்டது. ‘வேண்டாம் என்றிருந்தால் ஓடியிருப்பேன்’ என்பதை முதலில் காதல் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். இப்போது அதில் ஒரு பிடிவாதம் தெரிகிறது. அவரிடம் வந்து சேர்ந்ததுகூட என் முடிவுதான், நீங்கள் எடுத்துக்கொண்டது இல்லை என்று சாகும்போதும் அவள் கணக்கை நேர் செய்கிறாள். கையில் மிச்சமிருந்த ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் கோபம் அதற்குப் பிறகு வரும் காட்சியில் கொஞ்சம் இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளை மறந்துவிடுவேன் என்று சபதம் போட்ட அரசர், வெகுகாலம் கழித்து அவளுடைய பழைய பணிப்பெண் உடையை எடுத்துப் பார்க்கிறார். அது எவ்வளவு சின்ன உடை என்று அப்போதுதான் உறைக்கிறது. எத்தனை சின்னப் பெண்ணிடம் தான் எவ்வளவு பெரிய ஆளாக நின்றோம் என்பது அவருக்குப் புரிந்ததா என்பதைத் தொடர் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

கடைசிக் கனவுக் காட்சியில்தான் எனக்கு உடன்பாடில்லை. இறந்த பிறகு அரசர் அவளிடமே வந்து சேர்கிறார், இந்த முறை போகமாட்டேன் என்கிறார், அவளும் ஏற்றுக்கொள்கிறாள். பார்க்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ‘தெரியாதவர் மாதிரி கடந்து போங்கள்’ என்று அவள் கேட்டிருந்தாள்.

நிஜ வாழ்க்கையில் நடந்தவை இவை. 1782-ல் பிறந்த மகன் முன்ஹியோ, நான்கு வயது முழுசாக நிரம்பும் முன்பே 1786-ல் அம்மையில் இறந்தான். 1784-ல் பிறந்த மகளும் குழந்தையிலேயே போய்விட்டாள். மகன் இறந்து ஐந்து மாதத்தில், வயிற்றில் இன்னொரு குழந்தையோடு உய்பின்னும் இறந்தார். அம்மாவையும் பையனையும் அக்கம்பக்கத்தில் அடக்கம் செய்தார் ஜொங்ஜோ. இன்று சியோலின் ஹியோசாங் பூங்கா இருக்கும் இடம் அது. ஜப்பானிய ஆட்சியின் கடைசிக் காலத்தில் இரண்டு கல்லறைகளும் கோயாங் நகரில் உள்ள சொசம்னுங் அரச கல்லறை வளாகத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே மகன் ஒரு பகுதியில் இருக்கிறான், அம்மா மற்ற அந்தப்புரப் பெண்களோடு வேறொரு பகுதியில்.

அவருடைய கையெழுத்து மட்டும் ஒரு இடத்தில் மிஞ்சியிருக்கிறது. 1773-ல் ஜொங்ஜோவின் தங்கைகளோடு சேர்ந்து ‘குவாக்ஜாங் யாங்முன்ரோக்’ என்ற நாவலை அவர் நகல் எடுத்தார். முதல் மறுப்புக்கும் இரண்டாவது மறுப்புக்கும் நடுவில் இருந்த வருஷங்கள் அவை. எழுதியவர் என்று அதில் அவர் பெயர் இருக்கிறது.