ஆலயம் இல்லாத வணக்கம்: யூத மார்க்கத்தின் நம்பிக்கையும் வழிபாடும்

திருக்குர்ஆனில் மற்றெல்லா நபிமார்களையும்விட மிகுதியான இடங்களில் பெயர் குறிப்பிடப்பட்டவர்கள் நபி மூஸா (அலை) அவர்கள். நமது அரபிக் கல்லூரிகளில் தஃப்ஸீர் பயிலும் மாணவர், பனூ இஸ்ராயீலின் பண்டைய வரலாற்றை நன்கறிவார். எனினும், அந்நபியின் ஷரீஅத்தைப் பின்பற்றுவதாகக் கூறும் இன்றைய யூதர் ஒருவர் காலையில் எழுந்து என்ன ஓதுகிறார், எத்திசை நோக்கித் தொழுகிறார், எதை உண்ண மறுக்கிறார் என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. தஃப்ஸீரின் வழியே ஒரு யூதரையும் செய்தித்தாளின் வழியே மற்றொரு யூதரையும் நாம் அறிந்திருக்கிறோம். தம் இல்லத்தில் இறைவனை வணங்கும் யூதரை அறியோம். வேதக்காரர் என்று நாம் அழைக்கும் ஒரு சமுதாயத்தைப் பற்றிய இந்த அறியாமை, ஆலிம்களுக்கு அழகன்று.

ஆலயம் வீழ்ந்த பின்

இம்மார்க்கத்தை விளங்கிக்கொள்ள முதலில் ஒரு வரலாற்று நிகழ்ச்சியை மனத்திற் கொள்ள வேண்டும். கஃபாவை அன்றி வேறெங்கும் ஹஜ்ஜு இல்லை என்பது போலவே, ஜெரூசலத்தின் ஆலயத்தை அன்றி வேறெங்கும் குர்பானி இல்லை என்பது யூதச் சட்டம். நபி சுலைமான் (அலை) அவர்கள் கட்டிய ஆலயம் கி.மு. 586ஆம் ஆண்டளவில் பாபிலோனியரால் அழிக்கப்பட்டது. அதே இடத்தில் இரண்டாம் ஆலயம் கி.மு. 516ஆம் ஆண்டளவில் எழுந்தது. அங்கு நாள்தோறும் காலையில் ஓர் ஆட்டுக்குட்டியும் மாலையில் ஓர் ஆட்டுக்குட்டியும் பலியிடப்பட்டன. நபி ஹாரூன் (அலை) அவர்களின் வழித்தோன்றல்களே அப்பணியைச் செய்தனர். ஆண்டில் மூன்று பெருநாள்களில் மக்கள் அங்கு பயணம் சென்றனர். கி.பி. 70இல் ரோமானியத் தளபதி டைட்டஸ் அவ்வாலயத்தை எரித்து வீழ்த்தினார். அன்று தொட்டு இன்று வரை அது மீண்டும் கட்டப்படவில்லை.

வணக்கத்தின் நடுநிலையமே இல்லாமற் போன ஒரு சமயம் எவ்வாறு நிலைத்தது? இவ்வினாவுக்குரிய விடையே இன்றைய யூத மார்க்கம். ரப்பி யோஹனான் பென் ஸக்காய் யவ்னே என்னும் ஊரில் அறிஞர்களைத் திரட்டிக் கல்வியை நிலைநிறுத்தினார். பலி செலுத்தும் குருவின் இடத்திற்குச் சட்டம் அறிந்த ரப்பி வந்தார். ரப்பி என்பவர் குரு அல்லர். நம்மிடையே ஆலிம், முஃப்தி ஆகியோர் இருப்பது போன்று மார்க்கச் சட்டம் கூறுபவர்.

தவ்ராத்தின் ஐந்து ஆகமங்களோடு, நபி மூஸா (அலை) அவர்களிடமிருந்து வாய்மொழியாக வந்த விளக்கமும் உண்டு என்பது அவர்களின் கொள்கை. அவ்வாய்மொழி மரபு கி.பி. 200ஆம் ஆண்டளவில் ரப்பி யஹூதா ஹநாசி என்பவரால் ‘மிஷ்னா’ என்னும் தொகுப்பாக ஒழுங்குபடுத்தப்பட்டது. அதன் மீதான விரிந்த விவாதங்களைக் கொண்டது ‘தல்மூத்’. பாபிலோனிய தல்மூத், அதாவது இராக்கில் உருவானதே அதிகச் சட்ட வலிமை உடையது. இவற்றிலிருந்து பெறப்படும் சட்ட நெறிக்கு ‘ஹலாகா’ என்று பெயர். நடத்தல் என்னும் பொருள்தரும் வேர்ச்சொல்லிலிருந்து அது பிறந்தது. ஷரீஅத் என்பதும் பாதையைக் குறிக்கும் சொல் அன்றோ!

நம்பிக்கை

இஸ்லாத்தின் நுழைவாயில் கலிமா. ஈமானின் கடமைகளை நம் சிறுவர்கள் மக்தபிலேயே மனனம் செய்கின்றனர். யூத மார்க்கத்தில் அத்தகைய நுழைவாயில் மொழி இல்லை. யூதத் தாய்க்குப் பிறந்தவர் யூதர் என்பதே மரபுச் சட்டம். பிறர் அதில் இணைய விரும்பினால், மூவர் கொண்ட சட்ட அவையின் முன்னிலையில் கட்டளைகளை ஏற்று, நீரில் மூழ்கி எழ வேண்டும். ஆண்களுக்கு விருத்தசேதனமும் உண்டு. அங்கு நம்பிக்கைப் பட்டியலுக்கு முன்னால் நிற்பது செயல். தவ்ராத்தின் கட்டளைகள் 613 என்றும், அவற்றுள் ஏவல் 248, விலக்கல் 365 என்றும் அவர்கள் கணக்கிடுவர்.

அவ்வாறாயின், இன்று யூதத் தொழுகை நூல்களில் காணப்படும் பதின்மூன்று நம்பிக்கைகள் எங்கிருந்து வந்தன? அவை முதலில் எழுதப்பட்ட மொழி அரபு! எழுதியவர் மூஸா இப்னு மைமூன். கி.பி. 1138இல் குர்துபாவில் பிறந்த அவர், முவஹ்ஹிதூன் ஆட்சியின் நெருக்கடியால் ஸ்பெயினை விட்டு வெளியேறி, மொராக்கோ வழியாக எகிப்தை அடைந்தார். ஸலாஹுத்தீன் அய்யூபியின் அமைச்சர் அல்காழீ அல்ஃபாழில் அவரை ஆதரித்தார். மருத்துவராகவும் யூதர்களின் தலைவராகவும் விளங்கிய அவர் 1204இல் காலமானார். 1168இல் நிறைவு செய்த மிஷ்னா விரிவுரையில் அந்நம்பிக்கைகளை வகுத்துரைத்தார். அரபு மொழியை ஹீப்ரு எழுத்தில் எழுதுவது அக்கால யூத அறிஞரின் வழக்கம். தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோரின் அரபுத் தமிழை அறிந்தோருக்கு இதில் வியப்பு இராது.

அப்பதின்மூன்றையும் மூன்று பகுதிகளாகக் காணலாம். முதல் ஐந்து இறைவனைப் பற்றியவை: படைத்தவன் உளன், அவன் ஒருவன், உடலற்றவன், முந்தியவன், அவனையன்றி வணங்கத்தக்கவர் இல்லை. அடுத்த நான்கு நபித்துவத்தையும் வேதத்தையும் பற்றியவை: நபித்துவம் உண்மை, மூஸா நபிமார்களின் தலைவர், தவ்ராத் இறைவனிடமிருந்து வந்தது, அது மாற்றப்படாது. இறுதி நான்கு: இறைவன் அடியாரின் செயல்களை அறிகிறான், கூலியும் தண்டனையும் உண்டு, மஸீஹ் வருவார், மரித்தோர் எழுப்பப்படுவர்.

தவ்ஹீதையும் மறுமையையும் பொறுத்தவரை நம் அகீதா நூல்களைப் படிப்பது போன்ற உணர்வே இதனைப் படிப்பவருக்கு ஏற்படும். ஆயினும் ஏழாவதும் ஒன்பதாவதும் நம்மிடமிருந்து அவர்களைப் பிரிக்கும் எல்லைக் கற்கள். தவ்ராத் மாற்றப்படாது என்பது, இல்முல் கலாமில் நாம் பயிலும் ‘நஸ்கு’ என்னும் கொள்கைக்கு நேரான மறுப்பு. நபி ஈஸா (அலை) அவர்களையும் இறுதி நபி (ஸல்) அவர்களையும் அவர்கள் ஏற்பதில்லை என்பதும் இதனுடன் இணைந்ததே. மூஸா இப்னு மைமூனுக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு முன்னரே, எகிப்தின் ஃபய்யூமில் பிறந்து இராக்கின் ஸூரா கல்விக்கூடத்தின் தலைவராக இருந்த ஸஅதியா (882-942), தமது ‘கிதாபுல் அமானாத் வல் இஃதிகாதாத்’ என்னும் அரபு நூலில் நஸ்கை மறுத்து வாதிட்டுள்ளார். முதஸிலாக்களும் பிற கலாம் அறிஞர்களும் எழுப்பிய வினாக்கள் சூழ்ந்த உலகில்தான் யூத நம்பிக்கை முறைப்படி வரையறுக்கப்பட்டது என்பதை இது காட்டுகிறது.

அப்பட்டியலை யூத அறிஞர் அனைவரும் ஏற்றனர் என்று கருதலாகாது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் யூசுஃப் அல்போ, அடிப்படைகள் மூன்றே என்றார்: இறைவன் உளன், வேதம் அவனிடமிருந்து வந்தது, கூலியும் தண்டனையும் உண்டு.

தொழுகை

காலையும் மாலையும் ஓதப்படும் ‘ஷெமா’ அவர்களின் வணக்கத்தின் உயிர்நாடி. ‘கேள்’ என்பது அச்சொல்லின் பொருள். அரபியின் ‘ஸமிஅ’ அதன் உடன்பிறப்பு. இறைவன் ஒருவனே என்பதையும், அவனை முழு உள்ளத்தோடு நேசிக்க வேண்டும் என்பதையும், அதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதையும் அறிவிக்கும் தவ்ராத் பகுதிகளே அது. மரணத் தறுவாயில் யூதர் நாவில் இருக்க வேண்டியதும் அதன் முதல் வசனம்தான்.

நாள்தோறும் மூன்று வேளைத் தொழுகை உண்டு. காலைத் தொழுகை ‘ஷஹரீத்’, பிற்பகல் தொழுகை ‘மின்ஹா’, இரவுத் தொழுகை ‘மஆரிவ்’. அரபு அறிந்தோர் முதலாவதில் ‘ஸஹரை’யும் மூன்றாவதில் ‘மஃரிபை’யும் கேட்பர். மின்ஹா என்பது காணிக்கை. இம்மூன்றையும் முறையே இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப் (அலை) ஆகியோர் ஏற்படுத்தினர் என்று தல்மூத் ஒரு கருத்தைக் கூறுகிறது. ஆலயத்தின் அன்றாடப் பலிகளுக்கு ஈடாக அவை அமைந்தன என்பது அங்கேயே உள்ள மற்றொரு கருத்து. காலைப் பலியின் நேரத்தில் காலைத் தொழுகை. மாலைப் பலியின் நேரத்தில் மின்ஹா. பலிபீடம் மறைந்தது, அதன் நேரங்கள் மறையவில்லை.

ஒவ்வொரு தொழுகையின் நடுவிலும் இருப்பது ‘அமீதா’. நின்ற நிலையில் ஓதப்படுவது என்று பொருள். ஜெரூசலத்தை முன்னோக்கி, இரு பாதங்களையும் சேர்த்து வைத்து, தமக்கு மட்டும் கேட்கும் குரலில் ஓதுவர். பதினெட்டு எனப் பெயர் பெற்றிருப்பினும் அதில் இன்று பத்தொன்பது வேண்டுதல்கள் உள்ளன. இறைவனைப் புகழ்ந்து தொடங்கும் அது சமாதானத்தை வேண்டி முடிகிறது. இடையில், ஜெரூசலம் மீண்டும் கட்டப்பட வேண்டும் என்னும் துஆவும் உண்டு. முடிவில் மூன்றடி பின்வாங்கி நிற்பர். பருவமடைந்த பத்து ஆண்கள் கூடினால்தான் முழுமையான கூட்டுத் தொழுகை நிறைவேறும் என்பது மரபாளரின் சட்டம்.

ருகூவைப் போன்ற குனிதல் அதில் உண்டு. ஸஜ்தாவோ பெரும்பாலோரிடம் ஆண்டின் சில நாள்களுக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிவிட்டது. மூஸா இப்னு மைமூனின் மகன் இப்ராஹீம் (1186-1237), ‘கிஃபாயத்துல் ஆபிதீன்’ என்னும் அரபு நூலை எழுதியவர். வரிசையாக அமர்தல், ஸஜ்தா செய்தல், தொழுகைக்கு முன் கால்களைக் கழுவுதல் ஆகியவற்றை அவர் தம் மக்களிடையே நடைமுறைப்படுத்த முயன்றார். அவை பண்டைய நபிமார்களின் வழிமுறைகளே என்றும், சூஃபிகள் அவற்றைக் காத்து வைத்துள்ளனர் என்றும் அவர் கருதினார். எதிர்ப்பு எழுந்தமையால் அம்முயற்சி நிலைக்கவில்லை.

நாளும் வீடும்

வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் வீட்டுப் பெண் விளக்கேற்றுவதுடன் ‘ஷப்பாத்’ வரவேற்கப்படுகிறது. மறுநாள் விண்மீன்கள் தோன்றும் வரை அது நீடிக்கும். அன்று விலக்கப்பட்ட வேலைகள் 39 வகை என்று மிஷ்னா எண்ணிக் கூறுகிறது. உழுதல், நெய்தல், எழுதுதல், தீ மூட்டுதல், பொருளை வெளியில் சுமந்து செல்லுதல் ஆகியவை அவற்றுள் சில. பாலைவனத்தில் அமைக்கப்பட்ட வணக்கக் கூடாரத்தின் பணிகளிலிருந்தே இவ்வகைகள் பெறப்பட்டன. புனித இடத்தைக் கட்டப் பயன்பட்ட வேலைகளை நிறுத்துவதால் ஒரு நாள் புனிதமாகிறது. இடம் பறிபோன பின்னும் எவராலும் பறிக்க முடியாத வணக்கத் தலம் அது. எனினும் உயிருக்கு ஆபத்து என்றால் ஷப்பாத்தை முறிப்பது கடமை. ‘ளரூரத்’ பற்றிய நம் ஃபிக்ஹு விதி இங்கு நினைவுக்கு வரும்.

எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் ‘பெஸஹ்’ பெருநாளும் இவ்வாறே இல்லத்திற்குள் வந்தது. ஆலயக் காலத்தில் அது ஆட்டுக்குட்டிப் பலியின் நாள். இன்று புளிக்காத ரொட்டியும் கசப்புக் கீரையும் தட்டில் வைக்கப்படுகின்றன. பலியின் நினைவாக ஓர் எலும்புத் துண்டு அருகில் இருக்கும். வீட்டின் இளைய பிள்ளை வினவ, பெரியோர் வரலாற்றைச் சொல்கின்றனர். நாப்ளஸ் அருகில் ஜெரிஸீம் மலையில் சில நூறு பேராக வாழும் ஸாமிரிகள் இன்றும் ஆட்டுக்குட்டிகளை அறுத்தே அந்நாளைக் கொண்டாடுகின்றனர். அவர்கள் ஜெரூசலத்தின் ஆலயத்தை என்றுமே ஏற்றவர்கள் அல்லர். ஆதலால் அதன் வீழ்ச்சி அவர்களின் பலியை நிறுத்தவில்லை.

திஷ்ரி மாதத்தின் பத்தாம் நாள் ‘யோம் கிப்பூர்’ என்னும் பாவமன்னிப்பு நாள். ஏறத்தாழ 25 மணி நேரம் உணவும் நீரும் இன்றி நோன்பிருப்பர். ‘ஸோம்’ என்னும் அவர்தம் சொல் நம் ‘ஸவ்ம்’ஆகும். மனிதர் மனிதருக்குச் செய்த தீங்கு, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தாத வரை அந்நாளாலும் மன்னிக்கப்படாது என்கிறது மிஷ்னா. ஹுகூகுல் இபாத் பற்றி நம் ஆலிம்கள் மிம்பரில் எச்சரிப்பதும் இதுவேயாகும்.

உணவிலும் நெருக்கமும் விலகலும் உண்டு. பன்றியும் இரத்தமும் இருவருக்கும் விலக்கு. அசை போடுவதும் குளம்பு பிளந்ததுமான பிராணியே அவர்களுக்கு ஆகுமானது. ஆதலால் ஒட்டகம் ஆகாது. செதிலும் துடுப்பும் இல்லாத இறாலும் நண்டும் ஆகா. இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணார். இரண்டிற்கும் வெவ்வேறு பாத்திரங்கள் வைத்திருப்பர். சூரத்துல் அன்ஆமின் 146ஆம் வசனத்தை விளங்கிக்கொள்ள இச்சட்டங்களை அறிதல் பெரிதும் துணைபுரியும்.

பிரிவுகளும் நம் கடமையும்

மேற்கூறிய அனைத்தையும் எல்லா யூதரும் ஒரே வகையில் கடைப்பிடிப்பதில்லை. எட்டாம் நூற்றாண்டில் பக்தாதைச் சுற்றித் தோன்றிய கராயீகள் வாய்மொழி மரபை ஏற்க மறுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் தோன்றிய சீர்திருத்தப் பிரிவினர் சட்டங்கள் பலவற்றைத் தளர்த்தினர்; ஆலயத்தை மீண்டும் கட்டும் துஆவையும் நீக்கினர். மரபாளர்களோ அதனை நாள்தோறும் ஓதுகின்றனர்.

இங்கேதான் நம் காலத்தின் துயரமான ஒரு வினா எழுகிறது. அவ்வாலயம் இருந்த இடமாக அவர்கள் கருதுவது மஸ்ஜிதுல் அக்ஸா வளாகம். மரபுச் சட்டத்தின்படி, தூய்மைச் சடங்கு இன்று இயலாமையால் அவ்விடத்தில் கால் வைப்பதே கூடாது. 1967இல் இஸ்ரேலின் தலைமை ரப்பிகள் இதனையே அறிவித்தனர். ஆலயம் மஸீஹின் காலத்தில்தான் எழும் என்று பல நூற்றாண்டுகளாக ரப்பிகள் போதித்துள்ளனர். அண்மைக் காலத்தில் அத்தடையை மீறி அங்கு செல்வோரும், அதற்கு ஆதரவு தரும் ரப்பிகளும் பெருகியுள்ளனர். 1897இல் பாசெல் நகரில் முதல் மாநாட்டைக் கூட்டிய ஸியோனிஸ அரசியல் இயக்கத்தை அக்கால மரபாளர் பலர் எதிர்த்தனர் என்பதும் வரலாறு. இவ்வேறுபாடுகளை அறியாதவர், அரசின் செயலையும் ஆக்கிரமிப்பாளரின் செயலையும் ஷப்பாத் விளக்கேற்றும் ஒவ்வொரு வீட்டின் மீதும் சுமத்திவிடுவார். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து நம்மைப் பிறழச் செய்யலாகாது என்பது திருக்குர்ஆனின் கட்டளை.

முஸ்லிம்கள் சிலை வணங்கிகள் அல்லர், அவர்களின் ஏகத்துவம் குறையற்றது என்று மூஸா இப்னு மைமூன் தீர்ப்புரைத்தார். முஸ்லிம் ஆட்சியாளர் ஒருவரால் நாடிழந்தவர் அவர், நஸ்கை மறுத்தவர், நம் நபி (ஸல்) அவர்களை ஏற்காதவர். எனினும் நம் வணக்கத்தைப் பற்றி அவரிடம் வினவப்பட்டபோது, தாம் அறிந்த உண்மையை மறைக்காமற் கூறினார். அவர்களின் வணக்கத்தைப் பற்றி நம்மிடம் வினவப்படும்போது நாமும் அறிந்து பேசக் கடமைப்பட்டுள்ளோம். நம் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் அதற்குச் சில மணி நேரமேனும் ஒதுக்கப்பட வேண்டும்.