தனிப்பிணைய வழித் தரவுத்தள இணைப்பு

தனிப்பிணைய வழித் தரவுத்தள இணைப்பு என்பது, மேகக் கணிமையில் இயங்கும் ஒரு வலைச் செயலி தனது தரவுத்தளத்தைத் திறந்த இணையத்தின் வழியாக அணுகாமல், வெளியாருக்கு எட்டாத தனிப்பட்ட பிணையம் ஒன்றின் வழியாக அணுகும் அமைப்பு முறையாகும். இவ்வமைப்பில் செயலியின் முகப்பு எவருக்கும் திறந்திருக்கும். ஆனால் அதற்குப் பின்னுள்ள தரவுத்தளத்துக்குப் பொது இணையத்தில் முகவரியே இராது, அல்லது இருந்தாலும் அம்முகவரி எந்த வேண்டுகோளையும் ஏற்காது. ஒரு தரவுத்தளத்தை யார் திறக்கலாம் என்பதைக் கடவுச்சொல் தீர்மானிக்கிறது. யார் அதன் கதவுவரை வர முடியும் என்பதைப் பிணையம் தீர்மானிக்கிறது. இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதை உணர்வதே இம்முறையைப் புரிந்துகொள்வதற்கான முதற்படி.

தேவை

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்துள்ள ஓமந்தூரில் நிலம் வைத்திருக்கும் ஒருவர் தமது பட்டாவை இணையத்தில் பார்ப்பதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். (1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர் இது. ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரி முறைக்கு மாற்றிய 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவரது ஆட்சிக்காலத்தைச் சேர்ந்தது.) தமிழ்நாட்டின் நிலப் பதிவேடுகள் முதலில் காகிதத்திலும், பின்னர் வட்ட அலுவலகக் கணினிகளிலும் இருந்தன. இன்று மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் ஆகியவற்றைக் கொடுத்தால் அரசின் மின்சேவைத் தளத்தில் பட்டா விவரத்தைக் காண முடிகிறது.

இத்தகைய சேவை எதிலும் இரண்டு பயணங்கள் உண்டு. முதலாவது, பயனரின் உலாவியிலிருந்து செயலி இயங்கும் வழங்கிக்குச் செல்வது. இது ஓமந்தூரிலிருந்தும் தொடங்கலாம், சிங்கப்பூரிலிருந்தும் தொடங்கலாம். ஆகவே பொது இணையத்தைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாவது, செயலியிலிருந்து தரவுத்தளத்துக்குச் செல்வது. இப்பயணத்தை மேற்கொள்வது செயலி ஒன்றே. வேறு எவருக்கும் அவ்வழி தேவையில்லை. இணையத்திலிருந்து நேரடியாகத் தரவுத்தளத்தின் போர்ட்டைத் தட்டுபவர் வழி தவறி வந்தவராகவோ தீய நோக்கம் உடையவராகவோதான் இருப்பார். பட்டாவில் ஒரு பெயர் மாறிவிட்டால் விற்பனை, வங்கிக் கடன், வழக்கு என எல்லாம் தடைப்படும் என்பதால், தேவையற்ற ஒரு கதவைத் திறந்து வைப்பதன் விலை சிறியதன்று. (இங்கு விளக்கப்படுவது பொதுவான ஓர் அமைப்பே, மேற்கூறிய அரசுத் தளத்தின் உள்ளமைப்பு அன்று.)

கதவு திறந்திருந்தால் என்ன நேரும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் நன்கு அறியப்பட்டவை. 2003 ஜனவரி 25 அன்று பரவத் தொடங்கிய ஸ்லாம்மர் என்னும் கணினிப் புழு, மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்திக்கொண்டது. 376 பைட்டுகள் மட்டுமே கொண்ட அப்புழு, யூடிபி நெறிமுறையின் 1434ஆம் போர்ட் வழியாக நுழைந்தது. பாதிக்கப்படக்கூடிய வழங்கிகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைப் பத்தே நிமிடங்களில் அது தொற்றியது. குறைந்தது 75,000 கணினிகள் பாதிக்கப்பட்டன. பிழையைத் திருத்தும் இணைப்பு 2002 ஜூலையிலேயே வெளிவந்திருந்தும் பலர் அதை நிறுவியிருக்கவில்லை. அப்புழுவுக்குக் கடவுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை, போர்ட் எட்டும் தொலைவில் இருந்ததே போதுமானதாக இருந்தது. இரண்டாவது நிகழ்வு 2017 ஜனவரியில் நடந்தது. கடவுச்சொல் கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் மோங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, பணம் கேட்கும் குறிப்பு மட்டும் விட்டுச்செல்லப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 3.6ஆம் பதிப்பிலிருந்து அம்மென்பொருள் இயல்பாகவே தான் நிறுவப்பட்ட கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்குமாறு மாற்றப்பட்டது.

மேகக் கணிமைக்கு முன்

தனிப்பிணையம் என்னும் கருத்து மேகக் கணிமையை விடப் பழையது. தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் குத்தகைக்கு எடுத்த கம்பிகளால் வங்கிகளும் அரசுத் துறைகளும் தம் அலுவலகங்களை நெடுங்காலமாக இணைத்து வந்துள்ளன. இந்திய அரசு 2005 மார்ச்சில் 3,334 கோடி ரூபாய் மதிப்பில் மாநிலப் பெரும்பரப்புப் பிணையத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மாநிலத் தலைமையிடத்தை மாவட்டங்களுடனும் அவற்றை வட்டார அளவிலான அலுவலகங்களுடனும் நொடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் வேகத்தில் இணைப்பது அதன் இலக்கு. தமிழ்நாட்டில் இப்பிணையத்தை எல்காட் நிறுவனம் அமைத்தது. சென்னை, அதன் கீழ் விழுப்புரம், அதன் கீழ் திண்டிவனம் என்று அமையும் வரிசை இதற்குப் பொருத்தமான ஒரு கிளை.

இன்னும் கண்டிப்பான எடுத்துக்காட்டு ஆதார் மெய்ப்பிப்பு. சிற்றூரில் வங்கி முகவர் ஒருவர் கைரேகைக் கருவி கொண்டு பணம் வழங்கும்போது, ரேகைப் பதிவு ஆதார் ஆணையத்தின் மையத் தரவுக் களஞ்சியத்துக்கு நேரடியாகச் செல்வதில்லை. கருவியிலேயே மறையீடு செய்யப்பட்டு, முதலில் வங்கிக்கும், அங்கிருந்து மெய்ப்பிப்புச் சேவை முகமை என்னும் இடைநிலை அமைப்புக்கும் அது செல்கிறது. பாதுகாப்பான தனி இணைப்பு மூலம் களஞ்சியத்துடன் தொடர்பு கொள்வது இத்தகைய முகமைகள் மட்டுமே. மெய்ப்பிப்புக்குக் களஞ்சியம் தரும் விடை 'ஆம்' அல்லது 'இல்லை' என்பதே. வழி தனிப்பட்டதாக இருந்தும் செய்தி மறையீடு செய்யப்படுவது இங்குக் கவனிக்கத்தக்கது.

தனி முகவரிகள்

தனிப்பிணையங்களுக்கென மூன்று ஐபி முகவரித் தொகுதிகள் 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 ஆவணத்தில் ஒதுக்கப்பட்டுள்ளன. அவை 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை, 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை, 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை ஆகும். வீட்டிலுள்ள வைஃபை கருவியின் முகவரி பெரும்பாலும் மூன்றாம் தொகுதியைச் சேர்ந்தது. இம்முகவரிகளை நோக்கி அனுப்பப்படும் பொதிகளைப் பொது இணையத்தின் திசைவிகள் கொண்டுசெல்வதில்லை. ஒரே முகவரியைப் பல்லாயிரம் நிறுவனங்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடிவதும், 10.1.2.4 என்னும் முகவரியிலுள்ள தரவுத்தளத்தை வெளியார் எட்ட முடியாததும் இதனாலேயே.

மேகக் கணிமையில் அமைக்கும் முறை

அமேசான் 2009இல் அறிமுகப்படுத்திய தனியார் மேகப் பிணையம், வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் மேகத்துக்குள் தமக்கெனப் பிணையம் ஒன்றை வரைந்துகொள்ள வழிவகுத்தது. பிற நிறுவனங்களும் இதே முறையைப் பின்பற்றின. பிணையத்தை உட்பிணையங்களாகப் பிரித்து, செயலியை ஒன்றிலும் தரவுத்தளத்தை மற்றொன்றிலும் வைப்பது வழக்கம். உட்பிணையத்தை மிகச் சிறிதாக வெட்டுவது பின்னர் தொல்லை தரும். அமேசானிலும் அசூரிலும் ஒவ்வோர் உட்பிணையத்திலும் ஐந்து முகவரிகளை நிறுவனமே எடுத்துக்கொள்கிறது. ஆகவே 16 முகவரிகள் கொண்டதில் மிஞ்சுவன 11 மட்டுமே.

தரவுத்தளத்தை வாடிக்கையாளரே ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவியிருந்தால் வேலை எளிது. ஆனால் இன்று பெரும்பாலும் தரவுத்தளம் ஒரு சேவையாக வாங்கப்படுகிறது. அச்சேவை மேக நிறுவனத்தின் சொந்தப் பிணையத்தில் இயங்கக்கூடும். அதை வாடிக்கையாளரின் பிணையத்துக்குள் கொண்டுவர மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, தரவுத்தளத்தை வாடிக்கையாளரின் உட்பிணையத்திலேயே நிறுவித் தருவது. அமேசானின் ஆர்டிஎஸ் சேவை இவ்வாறு செய்கிறது. இரண்டு, இரு பிணையங்களையும் நேருக்கு நேர் இணைப்பது. கூகுளின் தரவுத்தளச் சேவையில் இம்முறை உண்டு. இதற்கு இருபக்க முகவரித் தொகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது. மேலும், இவ்வுறவு கடத்தப்படுவதில்லை: அ-வும் ஆ-வும், ஆ-வும் இ-யும் இணைந்திருந்தாலும் அ-விலிருந்து இ-யை எட்ட முடியாது. மூன்றாவது வழி தனி முனையம். அதாவது, வாடிக்கையாளரின் உட்பிணையத்தில் ஒரு முகவரி ஒதுக்கப்பட்டு, அம்முகவரிக்கு வருபவை அனைத்தும் குறிப்பிட்ட அந்த ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும் கொண்டுசெல்லப்படும்.

பலரும் இடறும் இடம் செயலியின் பக்கம். செயலி மெய்நிகர் கணினியில் இயங்கினால் அது ஏற்கனவே பிணையத்துக்குள் இருக்கிறது. ஆனால் நிரலை மட்டும் பதிவேற்றினால் இயக்கித் தரும் சேவைகளில், செயலி வாடிக்கையாளரின் பிணையத்துக்கு வெளியே, பலருக்கும் பொதுவான கணினிகளில் இயங்குகிறது. ஆகவே அது பிணையத்துக்குள் நுழைய வெளிச்செல்லும் இணைப்பு ஒன்றைத் தனியே அமைக்க வேண்டும். அசூரில் இதற்கெனவே ஒப்படைக்கப்பட்ட உட்பிணையம் ஒன்று தேவை. தனி முனையம் என்பது உள்வரும் வழி. இதுவோ வெளிச்செல்லும் வழி. ஒன்றை அமைத்துவிட்டு மற்றதும் அமைந்துவிட்டதாக எண்ணுவது மிகவும் பொதுவான தவறு. அமேசானின் லேம்டா நிரல்களைத் தனிப்பிணையத்தில் சேர்த்தால் அவை பொது இணையத்தை எட்டும் வழியை இழக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவ்வழி வேண்டுமெனில் முகவரி மாற்றும் வாயில் ஒன்றைத் தனியே அமைக்க வேண்டும்.

இறுதியாகத் தீச்சுவர் விதி. போஸ்ட்கிரெஸ் எனில் 5432, மைஎஸ்கியூஎல் எனில் 3306, எஸ்கியூஎல் சர்வர் எனில் 1433 ஆகிய போர்ட்டைச் செயலியின் உட்பிணையத்துக்கு மட்டும் திறந்து, தரவுத்தளத்தின் பொது அணுகலை மூட வேண்டும். அசூரில் 'அசூர் சேவைகளை அனுமதி' என்று பொருள்படும் ஒரு தெரிவு உள்ளது. பெயர் அடக்கமாக இருந்தாலும், அது தம்முடைய சேவைகளை மட்டுமன்றி அம்மேகத்தின் பிற வாடிக்கையாளர்களுடைய கணினிகளையும் தீச்சுவருக்குள் விடுகிறது. தனிவழி அமைத்த பிறகும் இத்தெரிவை விட்டுவைத்தல் தகாது.

பெயரும் முகவரியும்

செயலி தரவுத்தளத்தை எண்ணால் அன்று, பெயரால் அழைக்கிறது. பெயரை முகவரியாக மாற்றுவது களப்பெயர் முறைமை. தனி முனையம் உள்ள அமைப்பில் ஒரே பெயருக்கு இரண்டு விடைகள் இருக்கும்: வெளியிலிருந்து கேட்டால் பொது முகவரி, பிணையத்துக்குள்ளிருந்து கேட்டால் தனி முகவரி. இந்த இரண்டாம் விடையைத் தருவதற்காகத் தனிப் பெயர்மண்டலம் ஒன்று உருவாக்கப்பட்டுப் பிணையத்துடன் இணைக்கப்படுகிறது. இவ்விணைப்பு விடுபட்டால் வழி, வாயில், விதி அனைத்தும் சரியாக இருந்தும் செயலி பொது முகவரியைத் தேடிச் சென்று அங்கு மூடிய கதவைக் காணும். அமைத்தவர் தீச்சுவரைத் திரும்பத் திரும்பச் சோதித்துக் கொண்டிருப்பார்.

இத்தொல்லையைத் தவிர்க்கப் பெயருக்குப் பதிலாக 10.1.2.4 என்று எண்ணையே நிரலில் எழுதிவிடுவோர் உண்டு. அது நல்ல வழியன்று. தரவுத்தளம் காட்டும் டிஎல்எஸ் சான்றிதழ் பெயருக்கே வழங்கப்பட்டிருப்பதால், எண்ணைக் கொண்டு அழைத்தால் சான்றிதழ்ச் சரிபார்ப்பு தோல்வியுறும். பிறகு சரிபார்ப்பையே நிறுத்திவிடும் ஆசை எழும். அவ்வாறு செய்தால் பேசுவது உண்மையான தரவுத்தளத்துடன்தானா என்று செயலியால் அறிய முடியாது.

பிழை காணல்

இணைப்புத் தோல்வியின் வகையே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். செயலி இயங்கும் இடத்திலிருந்தே (தம் மடிக்கணினியிலிருந்து அன்று) முதலில் பெயரைத் தேட வேண்டும். பொது முகவரி வந்தால் குறை பெயர்மண்டலத்தில் உள்ளது. தனி முகவரி வந்தும் விடையின்றி நேரம் கடந்தால், பொதிகள் வழியில் ஓசையின்றிக் கைவிடப்படுகின்றன என்று பொருள். தீச்சுவர் விதியையும் வழித்தட அட்டவணையையும் பார்க்க வேண்டும். இணைப்பு உடனடியாக மறுக்கப்பட்டால், பெரும்பாலும் பொதி சென்று சேர்ந்துவிட்டது, ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்பார் இல்லை. 'கடவுச்சொல் தவறு' என்று விடை வந்தால் அது பிணையத்தைப் பொறுத்தவரை நற்செய்தியே.

தொலைவு

தனிவழி என்பதால் தொலைவு குறைந்துவிடாது. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், போய்வர 10 மில்லிநொடி ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். செயலி சென்னையிலும் தரவுத்தளம் மும்பையிலும் இருந்து, ஒரு பக்கத்தைக் காட்ட 50 வினவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைப்பட்டால் அரை நொடி வழியிலேயே போய்விடும். இரண்டையும் ஒரே வட்டாரத்தில் வைப்பதே முறை.

வரம்புகள்

தனிப்பிணையம் வெளியாரைத் தடுக்கிறது. உள்ளே வந்துவிட்டவரைத் தடுப்பதில்லை. செயலியின் நிரலில் வினவல் புகுத்தலுக்கு இடமளிக்கும் ஓட்டை இருந்தால், தாக்குபவர் செயலியின் வாய்வழியாகவே தரவுத்தளத்துடன் பேசுவார். அவ்வினவல் அனுமதிக்கப்பட்ட வழியிலேயே, அனுமதிக்கப்பட்ட முகவரியிலிருந்தே வருவதால் தீச்சுவருக்கு அதில் ஐயம் எழாது. ஆதலால் பட்டாவைக் காட்ட மட்டும் உள்ள செயலிக்குப் படிக்கும் உரிமை மட்டுமே உள்ள பயனர் கணக்கைத் தருவது தனிப்பிணையத்துக்கு இணையான முக்கியத்துவம் உடையது.

தனிப்பட்டது என்னும் சொல் தரும் நம்பிக்கைக்கு ஸ்லாம்மர் புழுவே ஒரு பாடமும் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தின் தீச்சுவர், அப்புழு பயன்படுத்திய போர்ட்டை மூடியே வைத்திருந்தது. ஆனால் ஒப்பந்ததாரர் ஒருவரின் பிணையத்திலிருந்து வந்த தனி இணைப்பு ஒன்று, தீச்சுவரைச் சுற்றிக்கொண்டு அலுவலகப் பிணையத்துக்குள் முடிந்தது. புழு அவ்வழியே அலுவலகப் பிணையத்துக்கும், அங்கிருந்து ஆலைப் பிணையத்துக்கும் சென்றது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செயலிழந்தது. அணு உலை அப்போது வேறு காரணத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தது.