பேச்சில் பணிவும் நேரடித்தன்மையும்

பேச்சில் பணிவு என்பது, கேட்பவரின் மதிப்பையும் விருப்பத்தையும் புண்படுத்தாத வகையில் ஒரு கருத்தையோ வேண்டுகோளையோ மறுப்பையோ வெளிப்படுத்தும் மொழிப் பயன்பாடு ஆகும். நேரடித்தன்மை என்பது, சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லும் இயல்பைக் குறிக்கும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் நேரடியான பேச்சு எல்லாச் சமூகங்களிலும் பணிவற்றதாகக் கொள்ளப்படுவதில்லை. ஒரு சமூகத்தில் இயல்பாக உள்ள பேச்சு, வேறொரு சமூகத்தாருக்கு முரட்டுத்தனமாகவோ போலியாகவோ தோன்றக்கூடும். சமூகமொழியியல், மானிடவியல் ஆகிய துறைகளில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

முகம் என்னும் கருத்துரு

ஒருவர் பிறர் முன்னிலையில் தமக்கு வேண்டும் எனக் கருதும் மதிப்பைச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1955 இல் "முகம்" என்னும் சொல்லால் விளக்கினார். பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவரும் இதை விரிவாக்கிப் பணிவுக் கோட்பாட்டை உருவாக்கினர். இவர்களுடைய ஆய்வு முதலில் 1978 இலும், பின்னர் 1987 இல் தனி நூலாகவும் வெளியானது. ஆங்கிலம், மெக்சிக்கோவில் பேசப்படும் மாயன் மொழியான ட்செல்டல், தமிழ் ஆகிய மூன்று மொழிகளே இக்கோட்பாட்டின் முதன்மைச் சான்றுகள் ஆகும். தமிழுக்குரிய தரவுகள் கோயம்புத்தூர் மாவட்டத்துப் பேச்சு வழக்கிலிருந்து திரட்டப்பட்டவை.

இக்கோட்பாட்டின்படி ஒவ்வொருவருக்கும் இருவகை முகத் தேவைகள் உண்டு. பிறரால் விரும்பப்படவும் தம்மவராக ஏற்கப்படவும் வேண்டும் என்பது ஒன்று. பிறர் தம் செயலில் குறுக்கிடக் கூடாது என்பது மற்றொன்று. கடன் கேட்டல், பிழை சுட்டல், மறுத்தல் போன்ற செயல்கள் இம்முகத்துக்கு ஊறு விளைவிக்கின்றன. பேசுவோருக்கும் கேட்போருக்கும் இடையே உள்ள நெருக்கம், அதிகார வேறுபாடு, கேட்கப்படும் பொருளின் சுமை ஆகிய மூன்றையும் பொறுத்துப் பேச்சின் பணிவு கூடவும் குறையவும் செய்கிறது.

இக்கருத்துக்கு இணையான வழக்குகள் தமிழிலும் உள்ளன. "முகம் கொடுத்துப் பேசுதல்", "முகத்தை முறித்துக் கொள்ளுதல்" ஆகியன எடுத்துக்காட்டுகள். நேரில் மறுக்கத் தயங்கும் இயல்பு "முகதாட்சண்யம்" எனப்படுகிறது.

தமிழில் பணிவு

இலக்கண மரபு

பேசுவோரிடையே உள்ள நிலை வேறுபாட்டைத் தமிழ் இலக்கணங்கள் நெடுங்காலம் முன்பே குறித்துள்ளன. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், ஒன்றைத் தருமாறு கேட்பதற்குரிய சொற்களை மூன்றாக வகுக்கிறது. "ஈ" என்பது கொடுப்பவரினும் தாழ்ந்தவர் கேட்பது. "தா" என்பது ஒத்தவர் கேட்பது. "கொடு" என்பது உயர்ந்தவர் கேட்பது. ஒருவரைப் பன்மைச் சொல்லால் உயர்த்திக் கூறுவது மக்கள் வழக்கில் உண்டு என்பதையும் அந்நூல் கூறுகிறது. வெளிப்படையாகச் சொல்லத் தகாதவற்றை மறைத்துக் கூறும் இடக்கரடக்கல், அமங்கலமானவற்றை மங்கலமாகக் கூறும் மங்கலம் ஆகியவற்றை நன்னூல் தகுதி வழக்கில் சேர்க்கிறது.

வேண்டுகோள்

ஆங்கிலப் பேச்சில் பணிவைக் குறிக்கும் தனிச்சொற்கள் அடிக்கடி வருகின்றன. தமிழில் அப்பணியின் பெரும்பகுதியை வினைமுற்று விகுதிகளும் உறவுப் பெயர்களும் செய்கின்றன. "தண்ணீர் கொடுங்கள் அண்ணே" என்னும் தொடர் ஏவல் வடிவில் இருந்தாலும் கட்டளையாகக் கொள்ளப்படுவதில்லை. விகுதி மதிப்பையும், உறவுப் பெயர் நெருக்கத்தையும் தருகின்றன. அறிமுகமற்றவரையும் அண்ணன், அக்கா, ஐயா, தம்பி என அழைப்பது, பிரவுன்-லெவின்சன் கோட்பாட்டின்படி, கேட்பவரைத் தம்மவராக ஏற்கும் பணிவு ஆகும். "கொஞ்சம் வாருங்கள்" என்பதில் வரும் "கொஞ்சம்" அளவைக் குறிப்பதன்று. வேண்டுகோளின் சுமையைக் குறைப்பது ஆகும்.

குடும்பத்தினர், நெருங்கிய நண்பர்கள் ஆகியோரிடையே "நன்றி" என்று சொல்வது அருகியே காணப்படுகிறது. அவ்வாறு சொல்வது உறவை அந்நியப்படுத்துவதாகச் சிலரால் உணரப்படுவதும் உண்டு.

மறுப்பும் விடைபெறலும்

"முடியாது" என நேரடியாகச் சொல்வதைத் தவிர்த்து, "பார்க்கலாம்", "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" எனக் கூறுவது பரவலான வழக்கம். இதன் பொருள் பெரும்பாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். புரியாத வெளியூரார் மறுமொழிக்காகக் காத்திருக்க நேரிடும். விடைபெறும்போது "போகிறேன்" என்பதற்கு மாறாகப் "போய் வருகிறேன்" எனச் சொல்வது மங்கலம் கருதியது ஆகும்.

தமிழருக்குள் வேறுபாடு

ஒரே மொழி பேசுவோரிடையிலும் பணிவின் அளவுகோல் வேறுபடுகிறது. யாழ்ப்பாணத் தமிழில் "நீ", "நீங்கள்" ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட மதிப்புடன் "நீர்" வழங்குகிறது. தமிழகத்தின் பல பகுதிகளில் இச்சொல் அன்றாடப் பேச்சில் இல்லை. ஆகவே, அப்பகுதியினருக்கு இது பழந்தமிழ் போலவோ நாடகத் தமிழ் போலவோ ஒலிக்கலாம்.

நாடுகளிடையே ஒப்பீடு

1980களில் பல மொழிகளில் வேண்டுகோள்களையும் மன்னிப்புக் கோரல்களையும் ஒப்பிட்ட ஆய்வுத் திட்டத்தின் முடிவுகள் 1989 இல் நூலாக வந்தன. ஒப்பிடப்பட்டவற்றுள் அர்கெந்தீன எசுப்பானியமும் எபிரேயமும் மிகுந்த நேரடித்தன்மை கொண்டவையாகவும், ஆத்திரேலிய ஆங்கிலம் குறைந்த நேரடித்தன்மை கொண்டதாகவும் காணப்பட்டன. இத்திட்டத்தில் பங்கேற்ற சோசனா புளும்-குல்கா, மிகவும் மறைமுகமான குறிப்புகள் மிகவும் பணிவானவையாக மதிப்பிடப்படவில்லை எனக் காட்டினார். பேசுபவரின் எண்ணத்தைக் கேட்பவரே ஊகிக்க வேண்டியிருப்பதும் ஒரு சுமையாகும்.

வினா வடிவ வேண்டுகோள் ஆங்கிலத்தில் பணிவானது. போலிய மொழியில் அதே வடிவம் பல இடங்களில் பொருந்தாது என அன்னா வியெர்சுபிட்ச்கா 1985 இல் எழுதினார். தமிழிலும் இதைக் காணலாம். விருந்தினரை அமரச் சொல்லும் ஆங்கில வினாவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து "நீங்கள் ஏன் உட்காரக் கூடாது?" என்று கேட்டால், அது கண்டிப்பாக ஒலிக்கும்.

தவறான புரிதல்

மொழியியலாளர் ஜான் கம்பர்சு 1982 இல் வெளியிட்ட நூலில் குறிப்பிடும் நிகழ்வு இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. பிரித்தானிய விமான நிலையம் ஒன்றின் பணியாளர் உணவகத்தில் இந்திய, பாக்கித்தானியப் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தனர். அவர்கள் கடுகடுப்பானவர்கள், ஒத்துழைக்காதவர்கள் என்னும் குறை எழுந்தது. இறைச்சியுடன் குழம்பு வேண்டுமா எனக் கேட்க, பிரித்தானியப் பணியாளர்கள் "கிரேவி" என்ற ஒற்றைச் சொல்லை ஏறும் ஒலியில் கூறினர். தெற்காசியப் பெண்கள் அதே சொல்லை இறங்கும் ஒலியில் கூறினர். அவர்களுக்கு அதுவே இயல்பான கேள்வி. கேட்டவர்களுக்கோ அது "கிரேவி இதுதான், விரும்பினால் எடுத்துக்கொள்" என்பது போல ஒலித்தது. அப்பெண்கள் தாம் புறக்கணிக்கப்படுவதாக எண்ணினர். ஒலிப்பதிவைக் கேட்டு இருதரப்பினரும் கலந்துரையாடிய பிறகே காரணம் தெளிவாயிற்று.

அயல்மொழியில் நிகழும் இலக்கணப் பிழை மொழி அறியாமை எனப் பொறுத்துக் கொள்ளப்படுகிறது. பணிவு முறையில் நிகழும் பிழையோ பேசுபவரின் குணக்குறையாகக் கருதப்பட்டுவிடுகிறது.

பணிவும் ஏற்றத்தாழ்வும்

பணிவு எப்போதும் இருதரப்பிலும் சமமாக அமைவதில்லை. முன்னிலைப் பெயர்கள் ஒருவரையொருவர் சமமாக அழைப்பதையும் மேல் கீழ் நிலையையும் காட்டுகின்றன என ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகியோர் 1960 இல் விளக்கினர். மேற்குத் தமிழ்நாட்டில் சாதிப் படிநிலை பேச்சில் வெளிப்படும் விதம் பற்றி லெவின்சன் 1982 இல் எழுதியுள்ளார். வயதில் மூத்தவரைச் சாதி காரணமாக இளையவர் "நீ" என அழைப்பதும், அவர் "நீங்கள்" என மறுமொழி கூறுவதும் இத்தகைய ஏற்றத்தாழ்வு ஆகும்.

இலக்கியத்திலும் இவ்வாழ்நிலை பதிவாகியுள்ளது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் வாழும் எழுத்தாளர் இமையத்தின் "கோவேறு கழுதைகள்" (1994) புதினம், ஊரார் தரும் தானியத்தையும் சோற்றையும் நம்பி வாழும் புதிரை வண்ணார் குடும்பம் ஒன்றைச் சித்திரிக்கிறது. இத்தகைய நிலையில் உள்ளவர்களுக்குப் பணிவான பேச்சு பிழைப்புக்கான நிபந்தனையாகிவிடுகிறது. 1925 இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் மதிப்பு எல்லோருக்கும் உரியது என வலியுறுத்தியது. 1929 இல் செங்கல்பட்டில் நடந்த அதன் முதல் மாகாண மாநாடு, பெயருடன் சாதிப் பட்டம் சேர்ப்பதைக் கைவிட வேண்டும் எனத் தீர்மானித்தது.

விமர்சனங்கள்

பிரவுன்-லெவின்சன் கோட்பாடு தனிமனித விருப்பத்தை மையமாகக் கொண்டது என்னும் விமர்சனம் உண்டு. சப்பானியத்தில் பணிவு என்பது ஒருவர் தம் இடத்தை அறிந்து நடப்பதுடன் தொடர்புடையது என யோசிகோ மட்சுமோட்டோ (1988), சச்சிகோ இடே (1989) ஆகியோர் வாதிட்டனர். ஒரு நாட்டினர் அனைவரையும் "நேரடியானவர்கள்" அல்லது "பணிவானவர்கள்" என வகைப்படுத்துவதும் குறைபாடுடையதே. ஒரே நாட்டினுள் வட்டாரம், வயது, பால், சாதி, தொழில் ஆகியவற்றால் ஏற்படும் வேறுபாடுகளை அது மறைத்துவிடுகிறது.

இவற்றையும் பார்க்க

சமூகமொழியியல்
இடக்கரடக்கல்
யாழ்ப்பாணத் தமிழ்
சுயமரியாதை இயக்கம்